'கோ டு டிராவல்': ஒரு 'டு'வைச் சுற்றி எழுந்த வழக்கு

2020 ஜூலை 22 அன்று ஜப்பான் அரசு உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு சலுகைத் திட்டத்தைத் தொடங்கியது. கொரோனாவால் படுத்துப்போன விடுதிகளையும் பயண நிறுவனங்களையும் தூக்கி நிறுத்துவதுதான் நோக்கம். பயணச் செலவில் பாதியை அரசு ஏற்கும் ஏற்பாடு அது: 35 சதவீதம் கட்டணத் தள்ளுபடியாக, 15 சதவீதம் போகிற ஊரில் செலவழிக்கும் கூப்பனாக. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 20,000 யென் வரை கிடைக்கும். ஒதுக்கிய தொகை சுமார் 1.35 லட்சம் கோடி யென். திட்டத்துக்கு வைத்த பெயர் 'கோ டு டிராவல்'.

தொற்று பரவும் நேரத்தில் ஊர் சுற்றப் பணம் கொடுப்பதா என்பதுதான் அப்போது நாட்டையே பிரித்த சண்டை. முதலில் டோக்கியோவை விலக்கிவைத்தார்கள், அக்டோபர் 1-இல் சேர்த்தார்கள், டிசம்பர் 28-இல் நாடு முழுக்க நிறுத்தினார்கள். அந்தச் சண்டை நமக்கு இங்கே வேண்டாம். அதன் ஓரத்தில் சின்னதாக இன்னொன்று நடந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு அந்தப் பெயர் தொண்டையில் மீன்முள் போலச் சிக்கிக்கொண்டது. இது ஆங்கிலமா? ஆங்கிலம் என்றால் சரியான ஆங்கிலமா? நாளைக்குப் பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை இதையே எழுதினால் மதிப்பெண்ணை என்ன செய்வது?

காலமும் வசமாக வந்து மாட்டியது. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் 5, 6-ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் மதிப்பெண் போடும் முறையான பாடமானது அதே 2020 ஏப்ரலில்தான். முன்பு அதே வகுப்புகளில் மதிப்பெண் இல்லாத 'வெளிநாட்டு மொழிச் செயல்பாடு' மட்டும் இருந்தது. புதிய பாடத்திட்டப்படி தொடக்கப் பள்ளி முடிவதற்குள் 600 முதல் 700 சொற்கள். அதில் முதல் வரிசையில் வருகிற சொற்களில் ஒன்று 'கோ'. வகுப்பில் 'கோ' படித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டால், அமைச்சர் முதல் வானிலை அறிவிப்பாளர் வரை எல்லார் வாயிலும் 'கோ டு'.

பெயரைப் பிரித்துப் பார்த்தால்

'கோ டு' ஒரு குடும்பப் பெயர். அதற்கு நான்கு பிள்ளைகள். பயணத்துக்கு 'கோ டு டிராவல்', உணவகங்களுக்கு 'கோ டு ஈட்', கச்சேரி, விளையாட்டு போன்றவற்றுக்கு 'கோ டு ஈவென்ட்', உள்ளூர்க் கடைவீதிகளுக்கு 'கோ டு ஷோதென்காய்'. ஷோதென்காய் என்றால் ஜப்பானிய மொழியில் கடைவீதி. நான்கையும் மூன்று அமைச்சகங்கள் பங்குபோட்டு நடத்தின. நான்குக்கும் பொதுவாக ஒரே முன்னொட்டு இருக்கட்டும் என்று நினைத்திருக்க வேண்டும். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'கோ டு ஈட்' என்பதில் 'ஈட்' வினைச்சொல். 'சாப்பிடப் போ' என்று பொருள். குறை சொல்ல ஒன்றுமில்லை. 'கோ டு ஷோதென்காய்' என்பதில் பின்னால் வருவது ஓர் இடம். 'கடைவீதிக்குப் போ'. 'தி' என்றோ 'எ' என்றோ முன்னால் ஒன்று இல்லாத குறையைத் தவிர இதுவும் சரி. ஆனால் கவனியுங்கள், இந்த இரண்டு 'டு'வும் ஒன்றில்லை. முதல் 'டு' வினையோடு ஒட்டி நோக்கத்தைச் சொல்கிறது. இரண்டாவது 'டு' இடத்தைக் காட்டுகிற முன்னிடைச்சொல். எழுத்து ஒன்று, வேலை இரண்டு. 'கோ டு ஈவென்ட்' இரண்டாவது வகையில் சேரும், அதே 'எ', 'அன்' குறையோடு.

இப்போது 'கோ டு டிராவல்'. ஆங்கிலத்தில் 'டிராவல்' பெயராகவும் வரும், வினையாகவும் வரும். பெயராக எடுத்தால் அது போய்ச் சேருகிற இடம் கிடையாது. எண்ணி 'ஒரு டிராவல், இரண்டு டிராவல்' என்று சொல்லவும் முடியாது. அதற்கு 'டிரிப்' இருக்கிறது. ஆகவே 'டு'வுக்குப் பின் அது உட்கார மறுக்கிறது. வினையாக எடுத்தால் 'பயணம் செய்வதற்காகப் போ' என்று வரும். இலக்கணம் தடுக்காது. ஆனால் போவதுதானே பயணம்? 'நடப்பதற்காக நட' என்பது போல ஒரு நெருடல். உலகம் சுற்றப் போனான் என்று பின்னால் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அந்த நெருடலும் குறைந்துவிடும்.

ஆக, இதைத் தவறு என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை, சரி என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. ஆங்கிலம் பிறப்பு மொழியாகப் பேசுகிறவர் கேட்டால் முகம் லேசாகச் சுளிக்கும், ஏன் என்று கேட்டால் உடனே பதில் வராது. ஆசிரியர்களிடையே நீளமான வாதங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவற்றைப் பற்றித்தான் வரும். பச்சைத் தவறுக்கு யாரும் சண்டை போடுவதில்லை.

ஆங்கிலமும் இதில் ஒழுங்கான பிள்ளை கிடையாது. 'கோ டு வொர்க்', 'கோ டு லஞ்ச்', 'கோ டு ஸ்லீப்', 'கோ டு வார்' எல்லாம் சரியாம். வேலையும் சாப்பாடும் தூக்கமும் போரும் என்ன இடங்களா? ஷாப்பிங் என்றால் மட்டும் 'டு' கூடாது, 'கோ ஷாப்பிங்'. விடுமுறை என்றால் 'கோ ஆன் ஹாலிடே'. இதற்கு விதி என்ன என்று ஒரு 12 வயதுப் பிள்ளை கேட்டால், நேர்மையான ஆசிரியர் தலையைச் சொறிவதைத் தவிர வேறு செய்ய முடியாது.

'நி' என்கிற ஒற்றை எழுத்து

இந்த வழக்கின் வேர் ஆங்கிலத்தில் இல்லை, ஜப்பானிய மொழியில் இருக்கிறது என்பது என் கட்சி. ஜப்பானிய மொழியில் 'நி' என்று ஓர் இடைச்சொல் உண்டு. பெயருக்குப் பின்னால் ஒட்டும். நம்முடைய 'கு' வேற்றுமையைப் போலவே வேலை செய்யும். பள்ளிக்குப் போவது 'கக்கோ நி இகு'. பயணம் போவது 'ரியோகோ நி இகு'. கடைக்குச் சாமான் வாங்கப் போவது 'கைமோனோ நி இகு'. வெளிநாடு போவது 'கைகாய் நி இகு'. சாப்பிடப் போவதும் 'தபே நி இகு'. இடமோ செயலோ நோக்கமோ, 'போ' என்ற வினைக்கு முன்னால் 'நி' வந்து நிற்கிறது.

ஜப்பானியப் பிள்ளை முதலில் படிப்பது 'கோ டு ஸ்கூல்'. கக்கோ நி இகு. சரி, அப்படியானால் 'நி' என்றால் 'டு' என்று மனத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. அதற்கப்புறம் 'ஐ வென்ட் டு ஷாப்பிங்', 'ஐ வென்ட் டு அப்ராட்', 'ஐ வென்ட் டு டிராவல்' எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஜப்பானில் ஆங்கிலக் கட்டுரை திருத்திய எவரும் இவற்றை நூறு முறையாவது பார்த்திருப்பார்கள். பிள்ளையின் தர்க்கத்தில் பிழையே கிடையாது. ஜப்பானிய இலக்கணம் ஒழுங்காக வேலை செய்ததன் விளைவு அது.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு இந்நேரம் தன் பள்ளி ஞாபகம் வந்திருக்கும். 'வீட்டுக்குப் போனேன்' என்பதை 'ஐ வென்ட் டு ஹோம்' என்று எழுதித் திட்டு வாங்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? அதே முடிச்சுதான், அங்கே 'நி', இங்கே 'கு'. ஆனால் ஒரு விஷயத்தில் நாம் தப்பித்தோம். பேச்சில் நாம் 'ஷாப்பிங் போனோம்', 'டூர் போனோம்' என்று வேற்றுமை உருபே இல்லாமல் சொல்கிறோம், அதனால் 'கோ ஷாப்பிங்' நமக்கு இயல்பாக வாய்க்கிறது. ஜப்பானியர்களும் பேச்சில் 'நி'யை விழுங்குவதுண்டு. கட்டுரை எழுத உட்கார்ந்தால் மட்டும் முழு வாக்கியம் நினைவுக்கு வரும், கூடவே 'நி'யும் வந்துவிடும். (இரண்டு மொழியும் இப்படி ஒத்துப்போவதைப் பார்த்துத்தான் மொழியியலாளர் சுசுமு ஓனோ ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று நூல்கள் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. 'டு' விஷயத்தில் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்கு உறவு நிரூபணம் தேவையில்லை.)

'ஆல்மோஸ்ட் ஜப்பனீஸ்' என்று எழுதுவதும் இதே கதை. பெரும்பாலான ஜப்பானியர்கள் என்று சொல்ல வந்தவர், 'ஹொதோந்தோ' என்ற சொல்லுக்கு அகராதியில் கிடைத்த 'ஆல்மோஸ்ட்'டை அப்படியே வைத்துவிடுகிறார். கேட்கிற ஆங்கிலேயருக்கு, முழுசாக ஜப்பானியர் ஆகாமல் கொஞ்சம் குறைந்த ஆட்கள் என்று பொருள்படும். இருபது வயதுக் கல்லூரி மாணவர் 'நேற்று ஷிபுயாவில் நண்பர்களோடு விளையாடினேன்' என்று ஆங்கிலத்தில் சொல்வதும் அப்படித்தான். 'அசொபு' என்ற வினை குழந்தை விளையாட்டையும் குறிக்கும், பெரியவர்கள் ஒன்றாக ஊர் சுற்றிப் பொழுதுபோக்குவதையும் குறிக்கும். ஆங்கிலத்தின் 'பிளே' அவ்வளவு தூரம் நீளாது.

ஆசிரியர் அறையில்

ஜப்பானிய அரசுப் பள்ளிகளில் ஆங்கில வகுப்பில் பல நேரம் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் உள்ளூர் ஆங்கில ஆசிரியர், அங்கே சுருக்கமாக ஜே.டி.இ. இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து வந்த துணை ஆசிரியர், ஏ.எல்.டி. இவர்களைத் தருவிக்கும் 'ஜெட்' திட்டம் 1987-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என 4 நாடுகளிலிருந்து 848 பேரோடு ஆரம்பித்தது. பிறகு ஜமைக்கா, தென் ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ் என்று விரிந்து, கொரோனாவுக்கு முன் ஆண்டுக்கு 5,000 பேருக்கு மேல் இருந்தார்கள். தனியார் ஆள்வழங்கு நிறுவனங்கள் வழியாக வருபவர்கள் தனி.

ஒரு கற்பனை விடைத்தாளை எடுத்துக்கொள்வோம். 'போன கோடையில் நான் ஹொக்கைடோவுக்குப் பயணம் போனேன்' என்பதை ஒரு பிள்ளை 'ஐ வென்ட் டு டிராவல் டு ஹொக்கைடோ' என்று எழுதியிருக்கிறது. ஜே.டி.இ. சிவப்புப் பேனாவோடு ஏ.எல்.டி.யின் மேசைக்கு வருகிறார். இது பரவாயில்லையா என்று கேட்கிறார். 'புரிகிறது, சென்செய் (ஆசிரியரே). ஆனால் நாங்கள் இப்படிச் சொல்வதில்லை' என்கிறார் இவர்.

'நாங்கள் இப்படிச் சொல்வதில்லை' என்ற இந்த வாக்கியம் ஜே.டி.இ.க்குக் காலணா உதவாது. முழு வட்டம் போட்டால் சரி, முக்கோணம் போட்டால் பாதி மதிப்பெண், நம் ஊரில் சரி என்று போடுகிற டிக் போன்ற கோட்டைப் போட்டால் அங்கே தப்பு. அவருக்கு வேண்டியது இந்த மூன்றில் ஒன்று. நாளைக்குப் பெற்றோர் வந்து கேட்டால் காட்ட ஒரு விதி வேண்டும். பிள்ளையே 'அரசாங்கமே அப்படித்தானே எழுதியிருக்கிறது?' என்று கேட்கலாம், அது நியாயமான கேள்வியும்கூட. தவிர, அந்த 'நாங்கள்' யார்? கனடாக்காரர் ஒன்று சொல்வார், ஸ்காட்லாந்துக்காரர் வேறு சொல்வார், மணிலாவிலிருந்து வந்தவர் மூன்றாவது சொல்வார். ஆனால் வகுப்பில் அதிகாரம் ஜே.டி.இ.யிடம் இருக்கிறது, மொழி உணர்வு ஏ.எல்.டி.யிடம் இருப்பதாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. இந்த இழுபறியில்தான் பாதி வாதங்கள் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். வெளியே சொல் பற்றிய சண்டை மாதிரித் தெரியும், உள்ளே யார் பேச்சு செல்லும் என்கிற சண்டை ஓடும்.

'கோ டு டிராவல்' விஷயத்தில் வாதங்கள் மூன்று பக்கமாகப் பிரியும். ஒரு தரப்பு: இத்தனை காலம் 'டு'வை அடித்து அடித்துத் திருத்தினோம், அரசு ஒரே நாளில் அத்தனையையும் கவிழ்த்துவிட்டது, 'கோ டிராவல்' என்றோ 'கோ டிராவலிங்' என்றோ வைத்திருக்கக் கூடாதா? இரண்டாவது தரப்பு: இது ஆங்கிலமே இல்லை, வாசெய் எய்கோ, அதாவது ஜப்பானில் தயாரான ஆங்கிலம். 'சலரிமேன்' எப்படியோ (மாதச் சம்பளத்துக்கு அலுவலகம் போகிறவர்), 'பேப்பர் டிரைவர்' எப்படியோ (உரிமம் வைத்திருந்தும் வண்டியே ஓட்டாதவர்), அப்படி இதுவும். ஆங்கில இலக்கணத்தை இதன்மேல் பாய்ச்சுவது வீண் வேலை. மூன்றாவது தரப்பு இன்னும் ஒரு படி போய், இந்திய ஆங்கிலம், சிங்கப்பூர் ஆங்கிலம் இருக்கும்போது ஜப்பானிய ஆங்கிலம் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்கும். இந்த மூன்றாவது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் தங்களுக்குள்ளேயே ஆங்கிலத்தில் பேசிப் பேசி அந்த வழக்கை உண்டாக்கினார்கள். ஜப்பானில் அப்படி நடக்கவில்லை.

இரண்டாவது வாதத்தில் சரக்கு இருக்கிறது. வாசெய் எய்கோ சொற்களுக்கு ஜப்பானில் தனி வாழ்க்கை. 'கன்னிங்கு' என்றால் பரீட்சையில் காப்பியடிப்பது. 'மன்ஷோன்' என்றால் அடுக்குமாடிக் குடியிருப்பு. 'பைகிங்கு' என்றால் வேண்டியதை எடுத்துப்போட்டுச் சாப்பிடும் விருந்து. 1958-இல் டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் அப்படி ஓர் உணவகம் திறந்து வைக்கிங் என்று பெயர் வைத்ததிலிருந்து வந்தது. 'டென்ஷன் ஏறிவிட்டது' என்று ஜப்பானியர் சொன்னால் குஷியாகிவிட்டார் என்று பொருள். நம் ஊரில் யாருக்காவது டென்ஷன் ஏறினால் நாம் இரண்டடி தள்ளி நிற்போம். இங்கிலாந்துக்காரர் இரண்டையும் கேட்டுத் திருதிருவென்று விழிப்பார். யாரும் யாரையும் திருத்தப் போவதில்லை.

ஆனாலும் இந்தப் பெயர் ஏன் மற்ற வாசெய் எய்கோவைப் போலச் சும்மா போகவில்லை? அரசு ஆவணங்களில் அது எழுதப்பட்ட விதத்தைப் பார்த்தால் புரியும். 'கோ டு' ரோமன் எழுத்தில் இருந்தது, 'டிராவல்' கதகானா எழுத்தில் 'தொராபெரு' என்று இருந்தது. கதகானா என்பது அயல்சொற்களை ஜப்பானியத்துக்குள் குடியேற்றும் எழுத்து. அதில் எழுதிவிட்டால் சொல்லுக்கு உள்ளூர்க் குடியுரிமை கிடைத்துவிடும், ஆங்கில ஆசிரியர் வந்து கேட்க மாட்டார். ரோமன் எழுத்தில் எழுதினால் 'நான் ஆங்கிலம்' என்று அறிவிப்பதாக ஆகிவிடும். இந்தப் பெயர் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்து நின்றது. முழுவதும் கதகானாவில் இருந்திருந்தால் இந்த வழக்கு பதிவாகியே இருக்காது என்பது என் ஊகம். வெளிநாட்டு வாசகருக்காக ஆங்கிலத்தில் செய்தி எழுதியவர்களும் பெயரைப் பெரும்பாலும் மேற்கோள் குறிக்குள் பத்திரமாக அடைத்தே எழுதினார்கள்.

பொதுமக்கள் இலக்கணம் பார்க்கவில்லை, காதால் விளையாடினார்கள். ஜப்பானிய உச்சரிப்பில் 'கோ டு', கொள்ளைக்காரன் என்று பொருள்படும் 'கோதோ'வுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 'தொராபெரு'வில் ஓர் எழுத்தை மாற்றினால் 'தொராபுரு', அதாவது டிரபிள். 'கோ டு டிரபிள்' என்ற கேலி நாடு முழுக்கப் பரவியது. சில மாதங்களில் 'கோ டு' தனியாகவே பெயர்ச்சொல்லாகி, 'கோ டுவைப் பயன்படுத்தினேன்', 'கோ டுவை நிறுத்தினார்கள்' என்றெல்லாம் செய்தியில் வந்தது. வினையும் முன்னிடைச்சொல்லும் சேர்ந்து பெயராகிவிட்ட பிறகு 'டு' சரியா என்று யாரிடம் போய்க் கேட்பது?

அந்த ஆண்டில் இது மட்டும் இல்லை. மார்ச் மாதத்தில் அரசின் நிபுணர் குழு தொற்று வெடித்துப் பரவுவதை 'ஓவர்ஷூட்' என்றது. ஆங்கிலத்தில் தொற்றியலார் அந்தச் சொல்லை வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த தாரோ கோனோ, இவற்றுக்கெல்லாம் ஜப்பானியச் சொல் போதாதா என்று ட்விட்டரில் கேட்டார். இவர் அமெரிக்காவில் பட்டம் படித்து, ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசுகிறவர் என்பதுதான் வேடிக்கை. டோக்கியோ ஆளுநர் யூரிகோ கொய்கே சொன்ன 'ஸ்டே ஹோம்' மட்டும் ஆசிரியர்கள் நெஞ்சில் பால் வார்த்தது. 'ஹோம்' முன்னால் எதுவும் வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததை அந்த வாசகம் ஊரெல்லாம் ஒட்டிக் காட்டியது.

பழைய வழக்கு ஒன்று

எந்த வினை எந்த அமைப்பை ஏற்கும் என்ற இந்தக் கேள்வி ஜப்பானில் புதிதே இல்லை. 1922-இல் ஹரோல்டு பாமர் என்ற ஆங்கிலேயர் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் ஆலோசகராக வந்தார். அடுத்த ஆண்டு டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தலுக்கென்று ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1924-இல் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி என்ற இளைஞர் கியூஷு தீவில் உள்ள ஓய்தாவுக்கு ஆசிரியராக வந்து, பிறகு பாமரோடு சேர்ந்தார். அவர்கள் கண்டது இதுதான்: இலக்கியம் படித்த ஜப்பானிய மாணவருக்குச் சொல்லின் பொருள் தெரிகிறது, அதை வாக்கியத்தில் எப்படி உட்கார வைப்பது என்று தெரியவில்லை. எந்த அகராதியும் அதைச் சொல்லவில்லை. எந்தப் பெயரை எண்ணலாம், எதை எண்ண முடியாது. எந்த வினைக்குப் பின் 'டு', எதற்குப் பின் 'இங்'. இவற்றை அடுக்கடுக்காகச் சேகரித்து, வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்து, ஹார்ன்பியும் இரண்டு தோழர்களும் ஓர் அகராதி செய்தார்கள். 1942-இல், ஜப்பானும் பிரிட்டனும் போரில் இருந்தபோது, டோக்கியோவில் ஒரு ஜப்பானியப் பதிப்பகம் அதை அச்சிட்டது. அதே ஆண்டு ஹார்ன்பி ஊர் திரும்பினார். 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை மறுபதிப்பாக்கியது. நம் ஊரில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் பரிசாக வாங்குகிற ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் மூதாதை அதுதான். எண்ண முடிகிற பெயருக்கு ஒரு குறி, முடியாததற்கு ஒரு குறி என்று நாம் அதில் பார்ப்பது ஜப்பானிய விடைத்தாள்களிலிருந்து முளைத்தது.

பாமரும் ஹார்ன்பியும் செய்ததில் ஒன்றை இன்றைய வாதங்களில் அதிகம் காணவில்லை. அவர்கள் 'நாங்கள் இப்படிச் சொல்வதில்லை' என்று நிறுத்திக்கொள்ளாமல், எப்படிச் சொல்கிறோம் என்று பட்டியல் போட்டார்கள். 'கோ' என்றால் அதன் பின்னால் என்னென்ன வரும், இடம், 'இங்' வினை, 'டு'வும் வினையும், 'ஆன்' சேர்த்த பெயர் என்று தனித்தனிக் கூட்டமாக. அந்தப் பட்டியலை நீட்டிவிட்டால் ஜே.டி.இ.க்குப் பெற்றோரிடம் காட்ட ஒன்று கிடைத்துவிடும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: பெயருக்கு மன்னிப்பு, விடைத்தாளுக்கு முக்கோணம். பெயர் ஜப்பானியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்தது, அது அவர்கள் பாடு. விடைத்தாளில் வந்தால் பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டு, அந்த நான்கு பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் நான்கு 'நி' வாக்கியங்களையும் எழுதி, எந்த 'டு' என்ன வேலை செய்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். பாடப் புத்தகத்தில் இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. அரசு 1.35 லட்சம் கோடி யென் விளம்பரத்தோடு இலவசமாகக் கொடுத்த உதாரணம் வேறு.

2022 அக்டோபர் 11-இல் அரசு மறுபடியும் நாடு தழுவிய பயணச் சலுகை ஒன்றைத் தொடங்கியது. பெயர் 'ஸென்கொகு ரியோகோ ஷியென்'. நாடு தழுவிய பயண உதவி என்று பொருள். முழுவதும் கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்த எழுத்து. 'டு'வும் கிடையாது, 'நி'யும் கிடையாது.